அந்த நான்காம் பகுதியில் சொற்கள் இருக்கின்றன

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' ஆல்பத்தைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். தமிழில் ஜாஸ் பற்றி யாராவது நாலு பக்கம் எழுதினாலே எனக்குச் சந்தோஷம். அதிலும் இந்த ஆல்பம் என்றால் கேட்கவே வேண்டாம். கட்டுரையாளருக்கு என் நன்றி. ஆனால் ஒரு இடம் மனதை உறுத்துகிறது. நான்காவது பகுதியான 'சாம்' (Psalm), தாளமும் இலக்கும் இல்லாமல் சாக்ஸபோன் மெதுவாக அலைந்து முடிகிற இடம் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு அவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். தாளம் இல்லை என்பது சரி. அலைகிறது என்பது சரியில்லை. அங்கே கோல்ட்ரேன் தான் எழுதிய ஒரு கவிதையைச் சாக்ஸபோனில் வாசிக்கிறார், சொல்லுக்குச் சொல்.

எனக்கும் இது வெகுநாள் தெரியாது. நண்பர் ஒருவர் பதிந்து கொடுத்த கேசட்டில்தான் இந்த ஆல்பத்தைக் கேட்டு வந்தேன். அட்டையில் பேனாவால் எழுதிய பெயரைத் தவிர வேறு ஒரு எழுத்து கிடையாது. பல வருடம் கழித்து ஒரு உறவினர் வீட்டில் இசைத்தட்டையே கையில் எடுத்துப் பார்த்தேன். வெளியே கறுப்பு வெள்ளைப் படம். கேமராவைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தபடி கோல்ட்ரேன். உறை புத்தகம் மாதிரி விரிகிறது. உள்ளே கேட்பவர்களுக்கு அவர் எழுதிய கடிதமும் ஒரு நீண்ட கவிதையும் அச்சாகியிருந்தன. 1957இல் இறையருளால் தனக்கு ஒரு விழிப்பு வந்தது என்று அந்தக் கடிதத்தில் சொல்கிறார். ஹெராயின் பழக்கத்தால் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவிலிருந்து வெளியேற்றப்பட்டதும், அந்தப் பழக்கத்தையும் குடியையும் விட்டதும் அதே வருடம்தான். நான்காம் பகுதி அந்தக் கவிதையின் இசை வடிவம் என்பதையும் அவரே அதில் எழுதியிருக்கிறார். யாரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டிய ரகசியமாக அதை அவர் வைக்கவில்லை.

இரண்டாம் பக்கத்தைப் போட்டோம். மூன்றாம் பகுதியான 'பர்சூயன்ஸ்' முடிகிற இடத்தில் ஜிம்மி காரிசன் தனியாக பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தை வாசித்துக்கொண்டே போவார். அது அடங்கியதும் எல்வின் ஜோன்ஸ் டிரம்ஸை விட்டு டிம்பனி என்ற பெரிய முரசுக்கு மாறி, தூரத்து இடி மாதிரி உருட்டத் தொடங்குவார். அந்த இடத்தில் கவிதையின் முதல் வரியில் விரலை வைத்தேன். ஆண்டவரே, உமக்குத் தகுந்தவனாக இருக்க என்னால் ஆனதையெல்லாம் செய்வேன் என்ற பொருளில் அது தொடங்குகிறது. சாக்ஸபோன் அந்த வரியைச் சொன்னது. சொன்னது என்றுதான் எழுத முடிகிறது. அசை நீள்கிற இடத்தில் ஸ்வரம் நீள்கிறது, வரி முடிகிற இடத்தில் மூச்சு விடுகிறது. 'நன்றி, இறைவா' என்ற சொற்கள் கவிதையில் திரும்பத் திரும்ப வரும். அந்த இடங்களில் சாக்ஸபோன் இறங்கி வந்து ஆதார ஸ்வரத்தில் அமர்கிறது. நாலைந்து வரி போனதும் விரல் தானாக நகர ஆரம்பித்துவிட்டது. கடைசிச் சொல் 'ஆமென்'. சுமார் 7 நிமிடம். அத்தனை வருடம் கேட்ட அதே வாசிப்புதான். ஆனால் அன்றைக்கு ஒரு மனிதர் பேசுவது காதில் விழுந்தது.

நாகஸ்வர வித்வான்கள் சாகித்யம் தெரிந்து வாசிக்க வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். வாயால் பாடாவிட்டாலும் 'நன்னுபாலிம்ப' எங்கே பிரிகிறது என்பது குழலில் தெரிய வேண்டும். தாளம் நின்று சொல் மட்டும் நடத்திப் போகும் விருத்தத்தையும் நாம் கேட்டிருக்கிறோம். அந்தக் காதோடு 'சாம்' கேட்டால் சட்டென்று பிடிபடும். தமிழ் வேதாகமத்தில் 'சாம்' என்ற சொல்லுக்கு இருக்கும் பெயரே சங்கீதம்தானே.

இது புரிவதற்காகச் சொல்லும் ஒப்பீடு மட்டுமே. இந்த ஆல்பத்தையே இந்திய இசையின் பிள்ளை போலக் கட்டுரை காட்டியதால் இதையும் எழுதுகிறேன். கோல்ட்ரேனுக்கு சிதார் கலைஞர் ரவிசங்கர் மேல் பெரிய மதிப்பு உண்டு. 1965இல் பிறந்த மகனுக்கு ரவி என்றே பெயர் வைத்தார். நமக்கு அது பெருமைதான். ஆனால் நான்காம் பகுதியின் வேர் வட கரோலினாவின் கறுப்பர் தேவாலயத்தில் இருக்கிறது. அவருடைய இரண்டு தாத்தாக்களும் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் சயன் சபையின் போதகர்கள். ஒரே ஸ்வரத்தில் நின்று வேகமாகச் சொல்லி, மேலே ஏறி, பிறகு இறங்கி வந்து வாக்கியத்தை முடிப்பது அந்தப் பிரசங்க மேடையின் பேச்சு. அதை மறைத்து நம்முடையதாக்கிக்கொண்டால் அந்தத் தாத்தாக்களுக்குச் செய்கிற அநியாயம்.

முதல் பகுதியைப் பற்றிக் கட்டுரையாளர் அருமையாக எழுதியிருந்தார். ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். காரிசனின் பாஸில் வரும் அந்த நாலு ஸ்வரத்தை நாமே பாடிப் பார்க்கலாம்: ச க ச ம, சாதாரண காந்தாரத்தோடு. ஆல்பத்தின் பெயருக்கும் ஆங்கிலத்தில் நாலே அசை. கோல்ட்ரேன் அந்த நாலு ஸ்வரத்தைப் பன்னிரண்டு சுருதிகளிலும் மாற்றி மாற்றி வாசித்துவிட்டு, அப்புறம்தான் வாயால் ஜபம் போலச் சொல்கிறார். சொல் முதலில் வாத்தியத்தில் வருகிறது, பிறகு குரலில். கடைசிப் பகுதியில் ஒரு கவிதை முழுவதும் மறுபடி வாத்தியத்துக்குள் போய்விடுகிறது. 1964 டிசம்பர் 9 அன்று நியூ ஜெர்சியில் ரூடி வான் கெல்டரின் ஒலிப்பதிவுக் கூடத்தில், ஒரே நாளில் நாலு பேர் சேர்ந்து பதிந்த இந்த 33 நிமிடத்துக்கு அவர் போட்ட திட்டம் இதுதான் என்று நான் நம்புகிறேன். மெக்காய் டைனரின் பியானோவுக்குத் தனிக் கட்டுரையே வேண்டும், அது இப்போது வேண்டாம்.

இன்றைக்குப் பெரும்பாலோர் செல்போனில்தான் கேட்கிறார்கள். அங்கே அட்டைப் படம் விரல் நகம் அளவுக்கு வரும். உறையின் உள்பக்கம் கண்ணில் படுவதில்லை. என் பழைய கேசட்டின் நிலைமைதான். கட்டுரையைப் படித்துவிட்டு முதல் தடவையாக இந்த ஆல்பத்தைப் போடும் இளைஞர், கடைசிப் பகுதியில் ஒன்றுமில்லை என்று நம்பி அணைத்துவிடக் கூடாது. அதனால் அடுத்த இதழில் ஒரு சின்னத் திருத்தம் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்: நான்காம் பகுதிக்கு வரிகள் உண்டு, அவற்றைத் தேடி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள் என்று. இரண்டு வரி போதும்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்