டால்டா இல்லாத பிஸ்கட்: அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

அம்மா இல்லாத முதல் கிறிஸ்மஸ் வருகிறது. பண்டிகை பிஸ்கட்டை இந்த வருடத்திலிருந்து வெண்ணெயில்தான் செய்வது என்று முடிவெடுத்துவிட்டேன். போனில் சொன்னால் நீ பேச்சை மாற்றிவிடுவாய் என்பதால், நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். அதற்காக மட்டும் என்னைப் பொறுத்துக்கொள்.

உனக்கு அம்மாவின் பிஸ்கட் என்றால் அந்த டால்டா வாசனை. எனக்கு அது பாளையங்கோட்டையில், வீட்டுப் பிஸ்கட்டையும் சுட்டுக் கொடுத்த ஒரு பேக்கரியின் பின்கட்டு. நீ கல்யாணமாகி பம்பாய்க்குப் போன வருடம் அது. காலையிலிருந்து டால்டாவையும் பொடித்த சர்க்கரையையும் உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து வெளுக்க வைத்து, மைதா சேர்த்துப் பிசைந்து, டம்ளர் விளிம்பால் வட்டமாக வெட்டி, மற்ற வீட்டுத் தட்டுகளோடு கலந்துவிடாமலிருக்க ஒவ்வொன்றின் மேலும் முள்கரண்டியால் மூன்று கோடுகள் கீறிவைத்திருந்தாள் அம்மா. ரொட்டிகளை எடுத்து முடித்து, விறகு அடுப்பின் சூடு இறங்கத் தொடங்கிய பிறகுதான் வீட்டுத் தட்டுகளை உள்ளே விடுவார்கள். ரொட்டிச் சூட்டில் வைத்தால் பிஸ்கட்டின் அடி கருகிவிடும். நம் முறை வந்தபோது இரவு வெகுநேரம் ஆகியிருந்தது. அடுப்பின் கதவைத் திறந்ததும், பிஸ்கட் பொரபொரப்பாக வர மாவில் போட்ட அம்மோனியா உப்பின் நெடி கண்ணைக் கரித்தது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்து, சூடு ஆறாத பிஸ்கட்டுகளைப் பிரித்தாள். உடையாதவை எல்லாம் உனக்கான டின்னில், பழைய செய்தித்தாள் விரித்து, அடுக்கடுக்காக. விளிம்பு உடைந்தவை எங்களுக்கு.

உன்னை நினைத்து அவள் ஏங்கியது எனக்குத் தெரியும். அந்த டின்னை நான்தான் தபால் நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை உனக்குப் போவது பிஸ்கட், எனக்குக் கிடைப்பது வேலை. வீட்டுக்கு வட்ட அலுமினிய ஓவன் வாங்கிய பிறகும், ஓடிஜி என்கிற மின்சார ஓவன் வந்த பிறகும் இது மாறவில்லை.

டால்டா 1937இல் நெய்க்கு மலிவான மாற்றாக விற்பனைக்கு வந்த வனஸ்பதி, அதாவது இறுக வைத்த தாவர எண்ணெய். அம்மாவும் நெய் வாங்கக் கட்டுப்படியாகாமல்தான் அதைப் போட்டாள், ருசிக்காக அல்ல. நீ கேட்கிற அந்தப் பழைய டால்டா இப்போது கடையிலும் கிடைக்காது. வனஸ்பதியில், இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2022இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. அப்பாவின் கடைசி மாதங்களைப் பற்றி இங்கே எழுதமாட்டேன். டாக்டர் எதையெல்லாம் நிறுத்தச் சொன்னார் என்பது உனக்கும் தெரியும், அவ்வளவு போதும்.

வெண்ணெயில் ஒரு தொல்லை உண்டு. அதில் தண்ணீர் இருக்கிறது, டால்டாவைவிடச் சீக்கிரம் உருகியும்விடுகிறது. அதனால் மாவு பரந்து, கீறிய கோடுகள் மங்கிப்போகின்றன. வெட்டிய தட்டை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தெடுத்தால் ஓரளவு நிற்கின்றன. கோடுகளை நான் விடவில்லை, அக்கா. மூன்றுதான் போடுகிறேன்.

பார்சலை டிசம்பர் முதல் வாரத்தில் அனுப்பிவிடுவேன். இந்த முறை உடைந்ததும் உடையாததும் கலந்தே வரும். ருசி பிடிக்கவில்லையென்றால் என்னிடமே சொல், சித்தியிடம் சொல்லி அனுப்பாதே.

அன்புடன்,
உன் தங்கை