முகிலனுக்கு: சால்டரிங் ஸ்டேஷன் வாங்கும் முன்

அன்பு மகன் முகிலனுக்கு, அம்மா எழுதுவது.

நீ அனுப்பிய போர்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டிசி ஜாக்கின் கிரவுண்ட் காலில் ஈயம் பரவாமல், சாம்பல் பூத்து, உருண்டையாக உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ரெசிஸ்டரின் பேட் (கால் பற்றும் செம்புத் திட்டு) ஒரு ஓரம் பெயர்ந்து தூக்கிக்கொண்டு நிற்கிறது. முதலாவதில் சூடு போதவில்லை, இரண்டாவதில் சூடு மிஞ்சிவிட்டது. இரண்டையும் செய்தது ஒரே 25 வாட் அயர்ன். உன் கைமேல் குற்றம் இல்லை தம்பி.

அந்த அயர்னுக்குள் சூட்டை அளக்க எதுவும் கிடையாது. பிளக்கில் இருக்கும்வரை 25 வாட் போய்க்கொண்டே இருக்கும். ஸ்டாண்டில் சும்மா இருந்தால் முனை 400 டிகிரி வரைகூட ஏறிவிடும். அந்தச் சூட்டில் சின்ன பேடைத் தொட்டால், செம்புத் தகட்டையும் எஃப்ஆர்4 என்ற கண்ணாடி இழைப் பலகையையும் பிடித்திருக்கும் பசை தளர்ந்து பேட் பெயர்கிறது. அதே முனையைக் கிரவுண்ட் காலில் வைத்தால், போர்டு முழுக்க விரிந்திருக்கும் செம்பு சூட்டை உறிஞ்சிவிடும். முனை சடாரென்று இறங்கும், 25 வாட்டால் அதை மறுபடி ஏற்ற முடியாது. 60 வாட் அயர்ன் போதாதா என்று கேட்டிருந்தாய். சென்சார் இல்லாத 60 வாட் அயர்ன் கிரவுண்ட் காலைச் சரியாகப் பிடிக்கும், சின்ன பேடுகளை இன்னும் வேகமாகப் பெயர்க்கும். இழந்த சூட்டை முனை எவ்வளவு சீக்கிரம் ஈடு செய்கிறது என்பதைப் பார்த்துத்தான் நீ ஸ்டேஷன், அதாவது சூட்டை அளந்து கட்டுப்படுத்தும் அயர்ன், வாங்க வேண்டும்.

சென்னை ரிச்சி தெருவில் போய்க் கேட்டால் முதலில் 936 என்ற மாடலின் மாதிரி ஸ்டேஷனைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். அதில் ஹீட்டர் தனி, டிப் என்கிற முனை தனி. செராமிக் குச்சி போன்ற ஹீட்டர்மேல் டிப்பை உறை மாதிரி மாட்டுவார்கள். சென்சார் ஹீட்டருக்குள் இருக்கும், முனையில் இருக்காது. டிப்பின் துளை கொஞ்சம் லூசாக இருந்தாலும் நடுவில் காற்று நின்றுவிடும். திரையில் 350 காட்டும், முனையில் 300கூட வராது. நல்ல கம்பெனி ஹீட்டரும் அதற்கேற்ற டிப்பும் இருந்தால் இதுவும் பல வருஷம் உழைக்கும். மலிவு நகல்களில் தொல்லை இந்த இடைவெளியில்தான் வரும்.

உனக்கு நான் சொல்வது டி12 வகை. ஹீட்டர், சென்சார், முனை மூன்றும் ஒரே குச்சியில் இருக்கும். சென்சார் முனையை ஒட்டியே இருப்பதால், முனை போர்டைத் தொட்டுச் சூடு இறங்கிய மறுகணமே கண்ட்ரோலருக்குத் தெரிந்துவிடும். ஹீட்டரும் சென்சாரும் ஒரே இரண்டு கம்பியைப் பங்கிட்டுக்கொள்கின்றன, அதனால் கண்ட்ரோலர் மின்சாரத்தை ஒரு நொடிக்கும் குறைவான நேரம் நிறுத்தி, அளந்து, மறுபடி கொடுக்கும். ஜேபிசி கம்பெனியின் சி245 வகைக் குச்சி இதைவிட வேகம்தான், ஆனால் விலைக்கு ஏற்ற வேலை உன்னிடம் இப்போது இல்லை.

டி12 வாங்குகிறவர்கள் சறுக்குவது பவர் சப்ளையில். அந்தக் குச்சியின் மின்தடை ஏறத்தாழ 8 ஓம். 24 வோல்ட் கொடுத்தால் 3 ஆம்பியர், 72 வாட். உன்னிடம் கிடக்கும் 19 வோல்ட் பழைய லேப்டாப் அடாப்டரில் போட்டால் 45 வாட், சின்ன வேலைக்குத் தாராளம். 12 வோல்ட் அடாப்டரில் போட்டாலோ வெறும் 18 வாட்தான், இப்போதைய அயர்னைவிட மோசம். ஆகவே 24 வோல்ட், 4 ஆம்பியர் சப்ளையாகப் பார். யூஎஸ்பி-சி பேனா அயர்ன்களுக்கும் இதே கணக்குதான், 20 வோல்ட் தராத சார்ஜரில் அவை திணறும்.

வாங்கியதும் பிளக்கில் சொருகிவிடாதே, முதலில் மல்டிமீட்டரை எடு. பிளக்கின் பெரிய பின்னுக்கும் (அதுதான் எர்த்) டிப்பின் முனைக்கும் நடுவே ஓம் பார். மீட்டர் கம்பியின் தடையைக் கழித்து 2 ஓமுக்குள் இருக்க வேண்டும். பிறகு மற்ற இரண்டு பின்களையும் ஒவ்வொன்றாக டிப்போடு சேர்த்துப் பார், தொடர்பே காட்டக் கூடாது. எர்த் வரவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் சின்னதுதான்: உள்ளே எர்த் கம்பியின் ஸ்குரு பெயின்ட் மேலேயே முடுக்கப்பட்டிருக்கும். பெயின்ட்டைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு முடுக்கினால் சரி. திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிஷம் விடு. சப்ளையின் பெரிய கபாசிட்டரில் 325 வோல்ட் வரை தேங்கி நிற்கும், மீட்டரில் அது இறங்கியதைப் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

உன் அறைச் சுவரின் சாக்கெட்டையும் நம்பாதே. வாடகை அறைகளில் மூன்று துளை இருக்கும், மேல் துளைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 என்றால், பேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவு காட்ட வேண்டும். 80, 100 என்று அலைந்தால் எர்த் இல்லை. வீட்டுக்காரரிடம் சொல்லி எலக்ட்ரீஷியனை வைத்துச் சரிசெய்த பிறகு வேலையைத் தொடங்கு. எர்த் இல்லாத முனையில் சப்ளையின் கசிவு வோல்டேஜ் நிற்கும். கையில் சுருக்கென்று ஒரு கடி, மாஸ்ஃபெட் வகை டிரான்சிஸ்டருக்கு அதுவே ஆயுள் முடிவு. எர்த் உள்ள முனையாக இருந்தாலும், பவர் ஏறியிருக்கும் போர்டைத் தொடாதே. யூஎஸ்பி கேபிளை முதலில் கழற்று.

டிப் விஷயத்தில் எல்லோரும் செய்யும் தவறு ஊசி முனையை வாங்குவது. ஊசி முனை போர்டைத் தொடும் பரப்பு ஒரு புள்ளிதான், சூடு அதன் வழியே இறங்காது. 2.4 மி.மீ. உளி முனை ஒன்று வாங்கு, உன் வேலையில் முக்கால் பங்கு அதிலேயே முடியும். சின்ன ஐசிகளுக்கு கே வடிவக் கத்தி முனை ஒன்று. ஊசி முனையே வேண்டாம்.

ஈயக் கம்பி 63/37 (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம்), 0.8 மி.மீ., உள்ளே ரோசின் ஃபிளக்ஸ் (ஈயம் பரவி ஒட்ட உதவும் பிசின்) உள்ளதாக வாங்கு. அது 183 டிகிரியில் ஒரேயடியாக உருகும், ஒரேயடியாக உறையும். ஈயம் கூடிய மட்டமான கம்பி அப்படி இல்லை. 40/60 கலவை 183இல் இளகத் தொடங்கி 238இல்தான் முழுதாக உருகும், நடுவே கூழாக நிற்கும். அந்த நேரத்தில் கால் கொஞ்சம் அசைந்தால் ஜாயின்ட் விரிசல் விடும். ஸ்டேஷன் காட்டும் டிகிரி நிஜமா என்று பார்க்கவும் இந்த 63/37 கம்பி உதவும். 170இல் வைத்து முனையைத் தொடு, ஐந்து ஐந்தாக ஏற்று. எந்த எண்ணில் கம்பி பளபளவென்று உருகுகிறதோ, அதற்கும் 183க்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த இடத்தில் உன் ஸ்டேஷன் காட்டும் எண்ணின் பிழை.

சாதாரண கால்களுக்கு 330 போதும், கிரவுண்ட் காலுக்கு 350. இந்த ஜாக்கை இப்படிச் செய்: பழைய ஈயத்தை விக் (ஈயத்தை உறிஞ்சும் செம்புப் பின்னல்) வைத்து எடு. கால்மேல் கொஞ்சம் ஃபிளக்ஸ் தடவு. உளி முனையில் ஒரு பொட்டு ஈயம் ஏற்றி, காலையும் பேடையும் சேர்த்துத் தொடுமாறு சாய்த்து வை. அந்தப் பொட்டுதான் சூடு நடக்கும் பாலம். இரண்டு நொடி கழித்துக் கம்பியை எதிர்ப்பக்கம் கொடு. ஈயம் காலைச் சுற்றி ஓடி, ஓரம் உட்குழிந்த சரிவாகப் படிந்ததும் முதலில் கம்பியை எடு, பிறகு முனையை எடு. ஐந்து நொடியிலும் ஓடவில்லை என்றால் 420க்கு ஏற்றாதே. ஹாட் ஏர் (சூடான காற்று ஊதும் கருவி) வைத்து போர்டை அடியிலிருந்து 100 டிகிரி வரை சூடாக்கிக்கொள், அல்லது இன்னும் பெரிய முனையைப் போடு.

முனையை அரம், உப்புத்தாள் எதிலும் தேய்க்காதே. பழைய செம்பு முனைகளை ராவுவது வழக்கம், இவை அப்படி அல்ல. மேலே இரும்புப் பூச்சு இருக்கிறது, அது போனால் ஈயம் உள்ளே இருக்கும் செம்பைக் கரைத்துத் தின்றுவிடும். பித்தளைச் சுருளில் இரண்டு குத்து குத்தினால் சுத்தம். அணைக்கும் முன் முனையில் நிறைய ஈயம் வைத்துவிட்டு அணை. ஐந்து நிமிஷம் தொடாவிட்டால் 200க்கு இறங்கும்படி ஸ்டேஷனில் வைத்துக்கொள்.

ஃபிளக்ஸ் புகை மூச்சுக்கு ஆகாது, ஆஸ்துமாவே கொண்டுவரும். ஜன்னல் பக்கம் உட்கார், சின்ன ஃபேனைப் புகையை வெளியே இழுக்கும்படி திருப்பி வை. ஈயம் பட்ட கையோடு சாப்பாட்டைத் தொடாதே, சோப்புப் போட்டுக் கழுவு. அந்த மேஜையில் டிபன் டப்பா வேண்டவே வேண்டாம் ராசா.

பெயர்ந்த பேடுக்குப் புது போர்டு வாங்காதே. தூக்கி நிற்கும் துண்டைக் கத்தியால் அறுத்துவிட்டு, அதிலிருந்து போகும் ட்ராக்கின்மேல் உள்ள பச்சைப் பூச்சை 3 மி.மீ. சுரண்டு. செம்பு தெரிந்ததும் ஈயம் பூசு. ரெசிஸ்டரின் காலை நீளமாக விட்டு, அந்த ட்ராக்கின்மேல் படுக்கவைத்துப் பற்றவை. ஆறியதும் மேலே ஒரு சொட்டு எபாக்ஸி. மல்டிமீட்டரில் கண்டினியூட்டி (தொடர்பு இருக்கிறதா என்று) பார்த்துவிட்டு இரண்டு ஜாயின்ட்டையும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா