கழுத்துக் கறுப்பு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் வந்து நடவு மும்முரம். ஆள் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. சரி, அது எப்போதும் உள்ள கதை.

பேரனைப் பற்றிக் கேட்டிருந்தாய். மகளும் மருமகனும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை என்பதால் இங்கேதான் படிக்கிறான். மூன்றாம் வகுப்பு, எட்டு வயது, எடை 39 கிலோ. 'கொழுகொழுன்னு சாமியாட்டம் இருக்கான்' என்று ஊரே சொல்லும். எனக்கும் அதில் பெருமைதான்.

பின்கழுத்தில் கறுப்பாகப் பட்டை மாதிரி இருந்தது. அழுக்கு என்று உன் தங்கச்சி கடலை மாவு போட்டுத் தேய்ப்பாள், அவன் கத்துவான். போன மாதம் காய்ச்சலுக்குக் கூட்டிப்போனபோது டாக்டர் காய்ச்சலை விட்டுவிட்டுக் கழுத்தைத்தான் பார்த்தார். “இது அழுக்கில்லீங்க. உடம்பு கூடி, இன்சுலின் சரியா வேலை செய்யலைன்னா தோல் இப்படித் தடிச்சுக் கறுக்கும்” என்றார். சர்க்கரை பார்த்தோம், இப்போதைக்கு ஒன்றுமில்லை. எனக்குச் சோர்ந்துவிட்டது. ஒன்றரை மாதமாக அந்தக் கழுத்தைத் தேய்த்தோமே என்று அவள் அழுதாள்.

1982இல் சத்துணவு வந்தபோது நம் பள்ளியில் வரிசையில் நின்ற பிள்ளைகள் ஞாபகமிருக்கிறதா? விலாவை எண்ணலாம். ஒல்லிப் பிள்ளையைக் கண்டால் பதறிப் பழகிய கண் நம்முடையது. குண்டாக இருந்தால் நோயாக இருக்கும் என்று அதற்குத் தோன்றவே இல்லை.

யோசித்தால் குற்றவாளி நான்தான். பள்ளி ஒரு கிலோமீட்டர் கூட இல்லை, ஆனால் வேன். அது ஊரெல்லாம் சுற்றி முக்கால் மணி நேரம் கழித்து இறக்கிவிடும். இறங்கியதும் டிவிஎஸ்ஸில் உட்கார வைத்து நேரே பேக்கரி. ஒரு பப்ஸ், ஒரு தேங்காய் பன், ஒரு சின்ன பாட்டில் கூல்டிரிங்க்ஸ். அந்த 250 மில்லியில் மட்டும் ஐந்தாறு ஸ்பூன் சர்க்கரையாம். அப்புறம் வீட்டுக்கு வந்து செல்போன்.

பட்டினி போடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வளரும் பிள்ளை, எடை ஏறாமல் நின்றாலே போதும், உயரம் ஏற ஏறச் சரியாகும் என்கிறார். தினமும் ஒரு மணி நேரம் ஓடியாட வேண்டும். அவனுக்கென்று தனிச் சமையலும் கூடாது, வீட்டில் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு. ஆக எனக்கும் பேக்கரி போச்சு! கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று இவள் வாரம் மூன்று நாள் கொள்ளுப் பருப்பு கடைகிறாள். எனக்குத்தான் அலுக்கிறது, பையன் நெய் கேட்காமல் தின்கிறான்.

வேனை நிறுத்திவிட்டு நடந்தே கூட்டிப் போகிறேன். முதல் நாள் பேக்கரி முன்னால் நின்றுகொண்டு, “அப்புச்சி, கெட்டவங்க ஆயிட்டீங்களா?” என்றான். அந்த நேரத்தில் உள்ளே போய்விடலாம் என்றுகூட இருந்தது. வகுப்பில் 'குண்டா' என்று கூப்பிடுகிறார்களாம். அதை அவன் அழாமல் சொன்னதுதான் என்னவோ போலிருந்தது.

உன் பையனுடைய பழைய சின்ன சைக்கிள் பரணில் கிடக்குமே, செயின் போயிருந்தாலும் பரவாயில்லை. காங்கேயத்திலிருந்து யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்துவிடு. அவனிடம் சொல்லிவிட்டேன். தினமும் வந்துவிட்டதா என்று கேட்கிறான்.

உன் வீட்டில் என் தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்
கோபி