வார்டு வாரியாக மர விதானப் பரப்பை அளந்து வெளியிடக் கோரும் மனு

அனுப்புநர்:
குடியிருப்போர் நலச் சங்கத்தினர், சென்னை.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
பெருநகர சென்னை மாநகராட்சி,
ரிப்பன் மாளிகை, சென்னை – 600 003.

பொருள்: செயற்கைக்கோள் படங்கள் மூலம் மர விதானத்தை (மரக் கிளைகளும் இலைகளும் மேலிருந்து மூடும் பரப்பை) அளத்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நட்ட கன்றுகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் செய்தியாகிறது. நிழல் எவ்வளவு கூடியது, எவ்வளவு போனது என்ற கணக்குதான் கண்ணில் படுவதில்லை. எங்கள் தெருமுனைப் புங்கமரம் மின்கம்பிக்கு அடியில் மொட்டையடிக்கப்பட்டு, அடிமரத்தை ஒட்டிச் சிமென்ட் பூசிய நிலையில் நிற்கிறது. எண்ணிக்கையில் அதுவும் ஒரு மரம்; மேலிருந்து பார்த்தால் அங்கே வெறும் தார்ச்சாலை.

தேசிய வனநிலை அறிக்கையும் இதற்கு உதவாது. குறைந்தது 1 ஹெக்டேர் பரப்பும் 10 சதவீத விதானமும் இருந்தால்தான் அதில் வனப்பரப்பு. சாலையோர வேம்பும் தூங்குமூஞ்சியும் அந்த வரையறைக்குள் வருவதில்லை.

ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் எடுக்கும் படங்கள் இலவசம். படத்தின் ஒரு கட்டம் தரையில் 10 மீட்டர் என்ற துல்லியத்தில் 2015 முதல் சேமிப்பில் உள்ளன. 12.12.2016 அன்று வர்தா புயல் சாய்த்த மரங்களுக்கு ஈடாக எந்த வார்டில் எவ்வளவு பசுமை திரும்பியது என்று அவற்றைக் கொண்டே ஒப்பிடலாம்.

ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறோம். இலை சிவப்பு ஒளியை உறிஞ்சி, அகச்சிவப்பைத் திருப்பி அனுப்புவதை வைத்துப் போடும் பசுமைக் குறியீட்டுக்கு மரமும் ஒன்றுதான், மழைக்குப் பின் முளைத்த புல்லும் ஒன்றுதான். கூவத்து ஆகாயத்தாமரையும் பச்சையாகவே தெரியும்! அதையும் சேர்த்துச் சதவீதம் காட்டினால் யாருக்கும் பயனில்லை. ஆகவே ஆண்டுதோறும் ஒரே கோடை மாதத்துப் படங்களை எடுத்து, நேரில் சென்றும் சரிபார்க்க வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத் தொலையுணர்வு நிறுவனம் கிண்டியிலேயே இருக்கிறது. களப்பணிக்கு மாணவர்களைக் கேட்கலாம், நாங்களும் வருகிறோம். குறுகிய தெருக்களில் 10 மீட்டர் கட்டத்துக்குள் மரமும் மொட்டைமாடியும் கலந்துவிடும் என்பதால், அங்கே ட்ரோன் படம் தேவைப்படும்.

எனவே 200 வார்டுகளுக்கும் விதானச் சதவீதத்தை, பிழை வரம்போடு, வரைபடமாகப் பொதுவெளியில் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். வடகிழக்குப் பருவமழை நடவுக்கு முன் அது கிடைத்தால், எந்தத் தெருவில் குழி எடுப்பது என்பதை அதைப் பார்த்தே முடிவு செய்யத் தாங்கள் ஆவன செய்ய வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சங்க நிர்வாகிகள் மற்றும் உறுப்பினர்கள்