கிழித்துப் படித்த டார்வின்

ஆசிரியருக்கு,

19ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் எழுத்தாளர்களின் வாசிப்பு குறித்த ஞாயிறு கட்டுரை சுவையாக இருந்தது. ஆனால், அவர்கள் எல்லோரும் புத்தகத்தைப் பூப்போலக் கையாண்டவர்கள் என்ற தொனிதான் இடிக்கிறது.

சார்லஸ் டார்வினைப் பாருங்கள். கனமான புத்தகம் கையில் பிடிக்க வசதிப்படவில்லை என்றால் இரண்டாக அறுத்துவிடுவார். நிலவியல் அறிஞர் லயலின் புத்தகத்துக்கும் அந்தக் கதிதான். அதை அவரிடமே சொல்லி, மறுபதிப்பை இரண்டு பாகங்களாகக் கொண்டுவர வைத்ததாகப் பெருமையும் பேசிக்கொண்டார்! சிறு பிரசுரம் என்றால், தேவையான பக்கங்களை வைத்துக்கொண்டு மீதியைக் கிழித்து எறிவார். படிக்கும்போதே பென்சிலால் கோடிட்டு, அந்தப் பக்க எண்களைப் புத்தகத்தின் கடைசியில் பட்டியலாக எழுதிவைப்பார். அலங்கார அலமாரிக்காரர்கள் பதறுவார்கள். எனக்கென்னவோ இதுதான் உண்மையான வாசிப்பாகப் படுகிறது.

கவிஞர் கோல்ரிட்ஜ் இரவல் வாங்கிய புத்தகங்களிலும் ஓரங்களில் எழுதித் தள்ளியவர். அவருக்கு இரவல் கொடுத்தால் வட்டியோடு திரும்பும் என்று நண்பர் சார்லஸ் லாம்ப் 1820இல் எழுதினார். அந்த ஓரக்குறிப்புகள் பிறகு தனித் தொகுதிகளாகவே அச்சேறின.

1842இல் தொடங்கிய மியூடி வாடகை நூலகத்தைக் கட்டுரையாளர் விட்டுவிட்டது பெருங்குறை. ஆண்டுக்கு ஒரு கினி (அன்றைய பிரிட்டிஷ் பண அளவு) கட்டினால், ஒரு நேரத்தில் நூலின் ஒரு பாகம் கிடைத்தது. ஒரே நாவலை மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுக்கலாமே! நாவல்கள் மூன்று பாகங்களாக நீண்டதற்கு இந்த வியாபாரமும் ஒரு காரணம். அதைப் பற்றித் தனிக் கட்டுரையே வெளியிடலாம்.

– ஒரு வாசகர், கும்பகோணம்