நிஷெல் நிக்கல்ஸ் என்றால் அந்த முத்தம் மட்டும்தானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் பழைய ஆங்கில விண்வெளித் தொடர்களைப் பற்றி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள், சந்தோஷம். ஆனால் 'ஸ்டார் டிரெக்' கேப்டனுக்கும் கூர்க்காதுக்காரர் ஸ்போக்குக்கும் ஆளுக்கு இரண்டு பத்தி எழுதிவிட்டு, உஹுராவாக நடித்த நிஷெல் நிக்கல்ஸுக்கு ஒரே வரி, அதிலும் 1968இல் வந்த அந்த முத்தக் காட்சி! வெள்ளைக்காரக் கேப்டனும் கறுப்பினப் பெண்ணும் அமெரிக்க டிவியில் முத்தமிட்டது அன்றைக்குப் பெரிய விஷயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. அதோடு அவர் கதை முடிந்துவிட்டதா என்ன?

ஜாஸ் இசை மேதை டியூக் எலிங்டன் குழுவோடு பாடிய பாடகி அவர். தொடரில் கிடைத்ததோ கிட்டத்தட்ட விண்கலத்தின் டெலிபோன் ஆபரேட்டர் வேலை, வசனமும் கொஞ்சம்தான். முதல் சீசன் முடிந்ததும் மேடை நாடகத்துக்கே போய்விடலாம் என்று ராஜினாமா கொடுத்தவரை, ஒரு விழாவில் சந்தித்த மார்ட்டின் லூதர் கிங் போகவே கூடாது என்று தடுத்ததாக அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

எனக்குப் பிடித்தது அதற்கு அப்புறம் நடந்ததுதான். தொடர் 1969இலேயே நின்றுவிட்டது. 1977இல், விண்வெளிக்குப் போக ஏன் எங்கள் ஆட்கள் ஒருவரும் இல்லை என்று கேட்டவரையே, பெண்களையும் கறுப்பினத்தவரையும் விண்ணப்பிக்க வைக்கும் பிரசாரத்துக்கு நாசா அமர்த்திக்கொண்டது. அவரும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1978இல் விண்வெளி வீரர்களாகத் தேர்வான 35 பேரில் 6 பேர் பெண்கள், 3 பேர் கறுப்பினத்தவர். சாலி ரைடு, கய்யன் புளூஃபோர்டு, பிறகு சேலஞ்சர் விண்கல விபத்தில் பலியான ஜூடித் ரெஸ்னிக், ரொனால்டு மெக்நேர் எல்லாரும் அந்த அணிதான். எல்லாம் இவரால்தான் என்று சொல்ல மாட்டேன், நாசா கதவைத் திறந்தது அதன் சொந்த முடிவு. ஆனால் நம்மை எல்லாம் எடுப்பார்களா என்று தயங்கி நின்றவர்களிடம், டிவியில் பார்த்துப் பழகிய ஒரு முகம் வந்து கூப்பிடுவது வேறு. சின்ன வயதில் உஹுராவைப் பார்த்து வளர்ந்த மே ஜெமிசன் என்ற கறுப்பினப் பெண் 1992இல் விண்வெளிக்குப் போனார், அங்கே தன் ஷிப்டை உஹுராவின் வசனத்தைச் சொல்லித்தான் தொடங்குவாராம்.

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்றால், நான் முத்தோரையில் பாடம் நடத்துகிறவள். இங்கே மலைச்சரிவிலேயே 530 மீட்டர் நீளத்துக்கு ரேடியோ டெலஸ்கோப் 1970இலிருந்து நிற்கிறது. கேரட் தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் தினமும் அதைத் தாண்டித்தான் பள்ளிக்கு வருகிறார்கள். உள்ளே யார் வேலை பார்ப்பார்கள் என்று கேட்டால், 'பெரிய சார்ங்க' என்கிறார்கள். பெண் பிள்ளைகளும் அதையேதான் சொல்கிறார்கள்.

நிக்கல்ஸ் 2022 ஜூலையில் தமது 89ஆவது வயதில் காலமானார். அவருடைய நாசா வேலையைப் பற்றி மாணவர் பக்கத்தில் ஒரு கட்டுரை போடுங்கள், வகுப்பில் வாசிக்க வைக்கிறேன். படம் தேடும்போது தயவுசெய்து அந்த முத்தக் காட்சியையே மறுபடி எடுத்துப் போட்டுவிடாதீர்கள்.

ஓர் ஆசிரியை,
முத்தோரை, நீலகிரி மாவட்டம்