மார்வின் கேயின் படத்துக்கு இயக்குநரைத் தேடுவோருக்கு

மதிப்பிற்குரிய தயாரிப்பாளர்களே,

அமெரிக்க சோல் பாடகர் மார்வின் கேயின் வாழ்க்கையைப் படமாக்கும் பேச்சு எத்தனையோ ஆண்டுகளாக நடக்கிறது. எஃப். கேரி கிரே, கேமரூன் குரோ, ஆலன் ஹியூஸ் என்று ஒவ்வொரு காலத்திலும் ஓர் இயக்குநரின் பெயர் செய்தியில் அடிபட்டிருக்கிறது. யாரிடம் இந்தப் படத்தை ஒப்படைப்பது என்று நீங்கள் கூடிப் பேசும்போது, அவருடைய பாட்டோடு வயதான ஒரு ரசிகனின் வேண்டுகோளையும் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

என் பயமெல்லாம் அந்தத் துப்பாக்கியைப் பற்றித்தான். 1984 ஏப்ரல் 1 அன்று, 45ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், பெற்றோருக்காக லாஸ் ஏஞ்சலிஸில் தானே வாங்கிய வீட்டில், பெற்ற தகப்பன் கையால் சுடப்பட்டு அவர் இறந்தார். சுட்ட துப்பாக்கியும் மகன் தந்த பரிசு. இப்படியொரு முடிவு கிடைத்தால் எந்த இயக்குநருக்கும் கை பரபரக்கும். முதல் காட்சியிலேயே குண்டுச் சத்தம், பிறகு பழைய நினைவுகள், நடுவில் போதையும் மணமுறிவும். இந்தக் கதையோடு வருபவரை வாசலிலேயே கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். அவர் எப்படிச் செத்தார் என்பதற்காக யாரும் அவர் பாட்டைக் கேட்கவில்லை.

டெட்ராய்ட்டில், மேற்கு கிராண்ட் புலவார்டில், 2648ஆம் எண் வீட்டில் இருந்தது மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் ஸ்டூடியோ. அங்கே வாத்தியம் வாசித்தவர்கள் அதைப் ‘பாம்புக்குழி’ என்றார்கள். 1970இல் மார்வின் அங்கே வந்தபோது, கூடப் பாடிய டாமி டெரல் மூளைக்கட்டியால் இறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. டாமிக்கு வயது 24. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு மேடையில் மார்வினின் கைகளில்தான் அவர் மயங்கிச் சரிந்தார். வியட்நாமிலிருந்து திரும்பிய தம்பி பிராங்கி சொன்ன போர்க்கதைகளும் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தன. ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ பாட்டு பிறந்தது அப்போதுதான்.

அந்தப் பாட்டின் தொடக்கத்தில் வரும் சாக்ஸஃபோனைக் கவனியுங்கள். ஈலை ஃபோன்டெயின் பதிவுக்கு முன் கருவியைப் பதப்படுத்தச் சும்மா ஊதிப் பார்த்தார். வேண்டியது கிடைத்துவிட்டது, நீங்கள் போகலாம் என்று மார்வின் சொல்லிவிட்டார். பிறகு, எது நன்றாக இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கப் பாடிவைத்த இரண்டு பதிவுகள் தவறுதலாக ஒன்றாக ஒலித்தன. மார்வின் அதை அப்படியே வைத்துக்கொண்டார். இன்று கேட்டாலும் ஒரு மார்வின் பாட, இன்னொரு மார்வின் தோளில் கைபோட்டுக்கொண்டு கூடவே நடந்து வருவதுபோல இருக்கும். ஜேம்ஸ் ஜேமர்சன் குடித்திருந்ததால் உட்கார முடியாமல் தரையில் மல்லாந்து படுத்தபடியே பேஸ் கித்தார் வாசித்தார். அதுவரை மோட்டவுன் இசைத்தட்டுகளில் பெயரே போடப்படாத அந்த வாத்தியக்காரர்களின் பெயர்கள், 1971இல் அந்தப் பாட்டின் பெயரிலேயே வந்த இசைத்தொகுப்பின் உறையில்தான் முதல்முறையாக அச்சேறின.

மோட்டவுன் முதலாளி பெரி கோர்டிக்குப் பாட்டு பிடிக்கவில்லை. வெளியிட்டபின் விற்றுத் தள்ளியது. அதையெல்லாம் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். அந்த அறைக்குத்தான் அரைமணி நேரம் தேவை. ஒரு தவறு பாட்டாக மாறும்வரை கேமராவை நகர்த்தாமல் காத்திருக்கும் பொறுமை உள்ளவர் உங்களுக்கு வேண்டும்.

பாடகி அரீதா ஃபிராங்க்ளினின் வாழ்க்கைப் படத்துக்கு நாடக மேடையிலிருந்து லீசல் டாமியை அழைத்தார்கள். அதுதான் அவருடைய முதல் திரைப்படம். அதில் என் மனத்தில் நிற்பது, அலபாமாவின் மசில் ஷோல்ஸ் ஊர் ஸ்டூடியோவில் வாத்தியக்காரர்கள் தட்டித் தடவி ஒரு பாட்டைக் கண்டுபிடிக்கும் இடம். ஆகவே பெரிய பெயரைத் துரத்தாதீர்கள். கறுப்பினத் தேவாலயத்தின் பாட்டைக் கேட்டு வளர்ந்த காது இருந்தால், முதல் படமென்றாலும் நம்பிக் கொடுங்கள். சோல் இசையின் தாய்வீடு அது.

உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு காட்சியை எழுதித் தரச் சொல்லுங்கள். வாஷிங்டனில் ஒரு சிறு சபை. நான்கு வயதுப் பையன் நின்று பாடுகிறான். பியானோவில் அப்பா, அந்தப் பையனை அடித்து அடித்து வளர்த்த போதகர். அப்பாவின் விரல்கள் கட்டைகளின்மேல் எப்படி நகர்கின்றன? பையன் ஒருமுறையாவது திரும்பிப் பார்க்கிறானா? பின்னால் நடக்கப்போவதை அந்த முகத்தில் முன்கூட்டியே எழுதாமல், மகனுக்குச் சுருதி கொடுக்கும் தகப்பனாக அவரை எழுதிக்கொண்டு வருபவர் யாரோ, அவரையே ஒப்பந்தம் செய்யுங்கள்.

அன்புடன்,
ஒரு ரசிகன்